கிளர்ச்சிகளின் வரைபடத்தில் இல்லாத மலை

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தபோது, ஊரும் உலகமும் கல்வராயன் மலையைத் திரும்பிப் பார்த்தன. ஊறல் போடுகிற மலை, லாரி டியூபில் சரக்கு இறங்குகிற மலை என்று பல ஆண்டுகளாகப் பெயர் வாங்கிய மலை அது. கருணாபுரத்தில் உயிர்களைக் குடித்தது மலை ஊறல் அல்ல, தொழிற்சாலைகளுக்காகத் தயாராகும் மெத்தனால். ஆனாலும் ஊறல் வேட்டை மலையில் நடந்தது. அடுத்த மாதமே சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, சாலை எங்கே, மருத்துவமனை எங்கே, பள்ளி எங்கே என்று அரசைக் கேட்டது. குடியரசு தோன்றி 74 ஆண்டுகள் கழித்து, அதுவும் அடிவாரத்து நகரில் பிணங்கள் விழுந்த பிறகு, ஒரு மலையின் அடிப்படைத் தேவைகள் நீதிமன்றத்தின் வழியாகத்தான் அரசின் காதுக்குப் போக வேண்டியிருந்தது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் தொலைவு, வறுமை, சாராயம். மூன்றும் விளைவுகள், காரணம் வரலாற்றில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த நாட்டில் அரசு, கிளர்ந்து எழுந்தவர்களோடுதான் ஒப்பந்தம் செய்துகொண்டது. கல்வராயன் மலை எந்தக் கிளர்ச்சியின் வழியாகவும் அரசியலுக்குள் வரவில்லை. அதன் அடிவாரத்துச் சமவெளியோ ஒரு பெருங்கிளர்ச்சியால் தலைகீழாக மாறியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மலைக்கு என்ன நேர்ந்தது என்பதும் கிளர்ச்சி ஒரு சமூகத்துக்கு எதைத் தருகிறது, எதைத் தராது என்பதும் விளங்கும்.

கல்வராயனில் வாழ்கிறவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, பேச்சு தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கரிராமன் என்ற தெய்வத்தோடு புறப்பட்டு வந்தோம் என்பது இவர்களின் வழிவழிக் கதை. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என மூன்று சகோதரர்கள் பிரிந்து சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் குடியேறினார்கள் என்றும் சொல்வார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று தலைவர்களின் ஜாகிர்களாகப் பிரிந்து கிடந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் கிடைத்த உரிமை என்பது அவர்கள் தரப்பு மரபு. 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியிலும் இந்த ஜாகிர்கள் இடம்பெறுகின்றன. 1801இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கம்பெனி கர்நாடகத்தை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டுதான் தெற்கே எதிர்த்து நின்ற பாளையக்காரர்கள் தூக்கிலிடப்பட்டு, அவர்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. கல்வராயன் தலைவர்களோ ஜாகிர்தார்களாகத் தொடர்ந்தார்கள். சாமையும் தினையும் விளைகிற கொத்துக்காட்டில் கம்பெனிக்குப் பெரிய வருமானம் ஏதும் இல்லை. தோல் பதனிடக் கடுக்காய், கொஞ்சம் மரம், கொஞ்சம் தேன், அவ்வளவுதான். மலையை ஆள ஒரு கலெக்டரை ஏற்றிவிடுவதைவிட, இருக்கிற தலைவரிடமே விட்டுவிடுவது மலிவு. இப்படித்தான் கம்பெனியும் அதன் பின் வந்த ஆங்கில அரசும் மலையாளிக் குடியானவனின் கண்ணுக்கு நேராக வராமலே ஒன்றரை நூற்றாண்டை ஓட்டின. வரி வாங்கியவர், கூலியில்லாமல் வேலை வாங்கியவர், வழக்குத் தீர்த்தவர் எல்லாம் ஜாகிர்தாரும் அவருடைய ஆட்களும்தான்.

அப்படியானால் அந்த ஜாகிர்தாரை எதிர்த்து மலை ஏன் எழவில்லை? அச்சம், அறியாமை என்ற பதில்கள் எளிதானவை; அவற்றை நான் ஏற்கவில்லை. சந்தால்கள் 1855இல் எழுந்தது வெளியிலிருந்து வந்த வட்டிக்காரர்களையும் ஜமீன் ஆட்களையும் எதிர்த்து. பிர்சா முண்டாவின் எழுச்சிக்கும் வெளியாள்தான் இலக்கு. மொழியால், தெய்வத்தால், உடையால் வேறான ஒருவன் நிலத்தைப் பிடுங்கும்போது ‘நாம்’, ‘அவன்’ என்ற கோடு தானாக விழுந்துவிடுகிறது. கல்வராயனில் அந்தக் கோடு விழ இடமில்லை. ஜாகிர்தார் அதே மலையாளி, அதே கரிராமனைக் கும்பிடுகிறவர், கொண்டு கொடுக்கும் உறவுக்குள் இருப்பவர். ஊர்க்கவுண்டர், மூப்பன், நாட்டார் என்ற படிவரிசையின் உச்சியில் அவர் நின்றார். திருவிழாவில் முதல் மரியாதை பெறுகிறவரும், பஞ்சாயத்தில் கடைசிச் சொல் சொல்கிறவரும் அவரே. அவரை மறுப்பது வரியை மறுப்பதாக மட்டும் இருந்திருக்காது. தெய்வத்தின் முன் தான் நிற்கிற இடத்தையே ஒருவன் மறுப்பதாக இருந்திருக்கும். தாங்க முடியாத குடும்பங்களுக்கு வேறொரு வழியும் இருந்தது. காட்டைத் திருத்தி விதைத்து, பிறகு இடம் மாறும் விவசாயத்தில் அடுத்த சரிவுக்கோ அடுத்த மலைக்கோ போய்விடலாம். ஓடிப்போக முடிகிற குடியானவன் கலகம் செய்வது குறைவு. சமயமும் உறவும் நில அமைப்பும் சேர்ந்து மலையின் அமைதியைக் காத்தன. அந்த அமைதிக்கு மலை என்ன விலை கொடுத்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த விலையை மதிப்பிட மற்ற மலைகளைப் பார்க்க வேண்டும். சந்தால் எழுச்சி நடந்த அதே 1855இல் சந்தால் பர்கானா தனி நிர்வாகப் பகுதியாக்கப்பட்டது. 1899-1900இல் முண்டாக்கள் எழுந்தார்கள். 1908இல் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் பழங்குடி நிலம் கைமாறுவதற்குத் தடை போட்டது. நமது பழைய சென்னை மாகாணத்திலேயே கஞ்சம், விசாகப்பட்டினம் மலைகளில் 1830களில் கலகங்கள் வெடித்த பிறகு, 1839இல் அந்த மலைப்பகுதிகளைச் சாதாரணச் சட்டங்களிலிருந்து விலக்கி ‘ஏஜென்சி’யாக வைக்கத் தனிச் சட்டம் வந்தது. கோதாவரிக் கரை ராம்பா மலை 1879இல் எழுந்தது, 1922 முதல் 1924 வரை அல்லூரி சீதாராம ராஜுவின் தலைமையில் மீண்டும் எழுந்தது. இந்தப் பகுதிகளில் பெரும்பாலானவைதான் விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள் ஆயின. அட்டவணைப் பகுதி என்றால் பழங்குடி நிலத்துக்குச் சிறப்புப் பாதுகாப்பு. 1996க்குப் பிறகு ‘பெசா’ சட்டத்தின்படி கிராம சபைக்குச் சில அதிகாரங்கள். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. கல்வராயன் இல்லை, சவ்வாது மலை இல்லை, கொல்லிமலை இல்லை. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மலையாளிகள், 2011 கணக்கின்படி மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடி, இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள். இந்தியாவின் அட்டவணைப் பகுதிகளின் வரைபடத்தை எடுத்து, அதன்மேல் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிளர்ச்சிகளின் வரைபடத்தை விரித்தால் இரண்டும் பல இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்.

முழுவதும் பொருந்தாது என்பதும் உண்மை. இமாசலத்தின் லாஹௌல், ஸ்பிதி போன்ற பகுதிகள் கலகத்தால் அட்டவணைக்குள் வரவில்லை. எல்லைத் தொலைவும் மக்கள்தொகைச் சேர்க்கையும் அங்கே காரணம். பழங்குடியினர் பெரும்பான்மையாக, ஓர் ஆட்சிப் பிரிவாகக் கூடி வாழ வேண்டும் என்பது அட்டவணைக்கான அளவுகோல்களில் ஒன்று. கல்வராயன் சமவெளி மாவட்டங்களுக்கு நடுவே ஒரு தீவு, அதனால்தான் சேரவில்லை என்று வாதிடலாம். இந்த வாதத்தில் பாதி நியாயம் உண்டு. ஆனால் அந்தத் தீவைச் சேலத்துக்கும் தென்னார்க்காட்டுக்கும் பங்குபோட்டு எங்கும் சிறுபான்மையாக்கியது நில அமைப்பு அல்ல, நிர்வாகம். எழுந்து நின்ற மலைகளுக்கு ஓர் ஏஜென்சி எல்லை வரையப்பட்டது. எழாத மலையை மாவட்ட எல்லை குறுக்கே வெட்டியது. அட்டவணைப் பகுதிகளும் வறுமையில்தானே கிடக்கின்றன என்று அடுத்த கேள்வி வரும். கிடக்கின்றன. ஆனால் அவர்கள் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. ஆந்திர மலையில் சுரங்கக் குத்தகைகளை ரத்து செய்த 1997இன் சமதா தீர்ப்பும், 2013இல் ஒடிசாவின் நியம்கிரியில் 12 கிராம சபைகள் கூடி வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத்தை மறுத்ததும் சட்டம் தந்த பிடியால்தான் நடந்தன. கல்வராயனில் ஒருவன் நிலத்துக்காக வழக்குப் போட்டால் பிடித்துக்கொள்ள அட்டவணை தரும் அந்தக் கொம்பு இல்லை.

மலையின் விடுதலை வந்த விதமும் இதே கதையைச் சொல்கிறது. 1948இன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் சமவெளி ஜமீன்களை விழுங்கியபோதும் மலை ஜாகிர்கள் பிழைத்திருந்தன. 1963இல் இனாம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. இழுபறிகளைத் தாண்டி, 1976இல்தான் கல்வராயன் முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. இந்தியா விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து வந்த அந்த ஆண்டையே மலை மக்கள் தங்கள் விடுதலை ஆண்டாகச் சொல்கிறார்கள். அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதைக் கொஞ்சம் நிறுத்தி நினைக்க வேண்டும். நெருக்கடிநிலைக் காலம். 1976 ஜனவரி 31இல் கருணாநிதியின் ஆட்சி கலைக்கப்பட்டு, தமிழ்நாட்டில் சட்டமன்றமே இல்லை. உள்ளாட்சித் தேர்தலும் 1970க்குப் பிறகு 1986 வரை நடக்கவில்லை. அதாவது ஒரு மலை குடியாட்சிக்குள் நுழைந்தபோது, அதை வரவேற்க ஒரு சட்டமன்ற உறுப்பினரோ, புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரோ இல்லை. எதிர்கொண்டு வந்தவர்கள் வருவாய்த்துறையினர், வனக்காவலர், காவலர். ஜாகிர்தார் போன இடத்தில் மக்களின் அமைப்பு எதுவும் வந்து உட்காரவில்லை; துறைகள் வந்து உட்கார்ந்தன. ஜாகிர்தாரின் காடு வனத்துறையின் காடானது. தலைமுறைகளாகக் கொத்தி விதைத்த சரிவில் பட்டா கேட்டவனுக்கு ஆக்கிரமிப்பாளன் என்ற பெயர் கிடைத்தது. கடுக்காயும் சாமையும் குடும்பத்தைத் தாங்காத இடத்தில் மரவள்ளி வந்தது. அதுவும் போதாத இடத்தில் ஊறல் வந்தது, ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டப் போகும் வண்டி வந்தது. 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர். கல்வராயன் இளைஞர்களும் இதே வண்டியில் ஏறிப் போகிறவர்கள்தான்.

இதே காலத்தில் மலையடிவாரத்தில் நடந்தது வேறு கதை. தென்னார்க்காடு, வடார்க்காடு, சேலத்துச் சமவெளிகளில் வன்னியர்கள் எண்ணிக்கையில் பெரியவர்கள். நிலமும் படிப்பும் பதவியும் அந்த அளவுக்கு இல்லாதவர்கள். 1951இல் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சி தொடங்கிய தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, 1952 தேர்தலில் 19 இடங்களில் வென்றது. மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சியும் சில இடங்களைப் பிடித்தது. பெரும்பான்மை இல்லாத ராஜாஜிக்கு இவர்களின் ஆதரவு தேவைப்பட்டது. படையாட்சி பிறகு காமராஜர் அமைச்சரவையில் அமைச்சரானார். கட்சி கரைந்தது. தலைவர்கள் மேலே போனார்கள், ஊர் இருந்த இடத்தில் இருந்தது. 1980இல் மருத்துவர் ராமதாஸ் சிதறிக் கிடந்த சங்கங்களை இணைத்து வன்னியர் சங்கத்தை அமைத்தபோது, மாநிலத்தில் 20 விழுக்காடு, மத்தியில் 2 விழுக்காடு இட ஒதுக்கீடு என்ற ஒற்றைக் கோரிக்கையைக் கையில் எடுத்தார். 1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் வடமாவட்டங்களில் சாலைகள் அடைபட்டன. மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. சென்னையைத் தெற்கோடு இணைக்கும் போக்குவரத்து முடங்கியது. துப்பாக்கிச் சூட்டிலும் தாக்குதலிலும் 21 பேர் உயிரிழந்தார்கள் என்று சங்கம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. 1989இல் கருணாநிதி அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவை வகுத்து 20 விழுக்காடு ஒதுக்கியது. வன்னியருக்குத் தனியாக அல்ல, நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகளுக்குச் சேர்த்து. அதே ஆண்டு ஜூலை 16இல் பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது. அதன் பிறகு வடமாவட்டத்து வாக்குகளைக் கணக்கில் எடுக்காமல் எந்தக் கூட்டணியும் அமையவில்லை. மரம் சாய்த்த அந்த வாரத்தைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக மட்டும் பார்த்தவர்கள், அது எத்தனை குடும்பங்களில் முதல் பட்டதாரியை, முதல் அரசு ஊழியரை உருவாக்கியது என்பதைப் பார்க்கத் தவறினார்கள்.

ஆனால் அந்தக் கிளர்ச்சியின் மறுபக்கத்தை மறைத்தால் என் வாதம் பொய்யாகிவிடும். மறியல் நாட்களில் தலித் குடிசைகள் எரிந்தன. உழைக்கும் மக்கள் என்ற சொல்லில் தொடங்கிய எழுச்சி சாதியின் எல்லையில் நின்றது. அதற்கு முன்பே, 1978இல், விழுப்புரம் நகரில் 12 தலித்துகள் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்தக் காயம் ஆறாமலே 1987 வந்தது. இதற்கு எதிர்வினையாகத்தான் 1990களில் இந்தச் சமவெளி இன்னொரு எழுச்சியைக் கண்டது. திருமாவளவன் தலைமையில் விடுதலைச் சிறுத்தைகள் சேரிகளில் வேரூன்றி, 1999இல் தேர்தல் களத்துக்கு வந்தார்கள். ஒரு கிளர்ச்சி தான் எழுப்பிய மக்களுக்கு மட்டும் குரல் தருவதில்லை. தான் மிதித்தவர்களையும் எழுப்பிவிடுகிறது. சாதிப் பெருமையும் அதற்கான எதிர்ப்பும் கோயில் வாசலோடு நிற்கவில்லை. திரௌபதி அம்மன் தீமிதியும் அக்கினிக் குல மரபும் வன்னியர் அடையாளத்துக்கு எவ்வளவு காலமாக உரமூட்டி வந்தன என்பது தெரிந்ததே. அக்கினிக் கலசம் வன்னியர் சங்கத்தின் சின்னமே ஆனது. தேவாலயத்திலும் அந்த மோதல் எழுந்தது. உளுந்தூர்பேட்டை வட்டத்து இறையூரில் வன்னியக் கிறித்தவர்களும் தலித் கிறித்தவர்களும் ஒரே ஜெபமாலை மாதாவை வணங்கியும் சம இடம் பெறவில்லை. தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறித்தவர்கள் எழுந்தபோது, 2008 மார்ச்சில் அவர்களின் வீடுகள் தாக்கப்பட்டு, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். மதம் மாறியும் மாறாத வரிசையைத் தேர்தல் அரசியல் கற்றுத்தந்த துணிவு கேள்வி கேட்டது. அந்தக் கேள்வி இன்னும் தீராமல் இருக்கலாம், ஆனால் கேட்கப்பட்டுவிட்டது. மலையில் கரிராமன் கோயில் வரிசை பற்றி அப்படியொரு கேள்வி ஊரறிய எழுந்ததில்லை. சமவெளியின் சச்சரவை நான் புகழவில்லை. அது குடிசைகளையும் உயிர்களையும் தின்றது. ஆனால் சச்சரவு நடக்கிற இடத்தில் அரசு ஆள் அனுப்புகிறது, கணக்கெடுக்கிறது, பேரம் பேசுகிறது. சாலை மறியல் செய்யவும் ஒரு சாலை வேண்டும். மழைக்காலத்தில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவரும் மலையூரில் எதை மறிப்பது?

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு, கல்வராயனுக்கு அப்பால் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது. வாச்சாத்தி மக்களும் மலையாளிகள்தான். 1992 ஜூன் 20இல் சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்த ஊரைச் சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். அவர்கள் கலகம் செய்யவில்லை, சாலையை மறிக்கவில்லை. வழக்குத்தான் நடத்தினார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்படியானால் கிளர்ச்சி இல்லாமலும் அரசைப் பணியவைக்க முடியும்தானே? முடியும். ஆனால் வாச்சாத்தியில் மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் 31 ஆண்டுகள் அந்த ஊரோடு நின்றன. சாட்சிகள் கலையாமல் பார்த்துக்கொண்டன. இந்த உதாரணம் என் வாதத்தைத் திருத்துகிறது, கவிழ்க்கவில்லை. 1987இன் விளைச்சலும் அந்த ஒரு வாரத்தில் விளைந்தது அல்ல. முன்னே ஏழு ஆண்டுச் சங்க வேலை இருந்தது, பின்னே ஒரு கட்சி நின்றது. ஆகவே எழுச்சி என்று நான் சொல்வது நெருப்பையும் வெட்டிய மரத்தையும் அல்ல. தங்கள் கோரிக்கையைத் தாங்களே சொல்லி, அது கிடைக்கும்வரை கலையாமல் நிற்கிற ஒரு கூட்டத்தை. கல்வராயனிலும் பட்டாவுக்காகவும் வன உரிமைக்காகவும் சங்கங்கள் போராடுகின்றன. ஆனால் மலை முழுவதும் ஒரே குரலாக, எந்த அரசும் தட்டிக்கழிக்க முடியாத எண்ணிக்கையாக அது இன்னும் திரளவில்லை.

திரள்வதைத் தொகுதி வரையறையும் கடினமாக்கியிருக்கிறது. சேலம் பக்கத்துக் கல்வராயன் ஊர்கள் ஏற்காடு பழங்குடித் தொகுதியில் வாக்களிக்கின்றன. கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்கள் சங்கராபுரம் பொதுத் தொகுதியில், சமவெளி வாக்காளர்களின் நடுவே சிறுபான்மையாகக் கரைகின்றன. ஒரே மலை, ஒரே சாதி, ஒரே தெய்வம். கோரிக்கையை எடுத்துச் செல்ல இரு வேறு சட்டமன்ற உறுப்பினர்கள், இரு வேறு ஆட்சியர்கள். தனித்தொகுதி உறுப்பினரும் கட்சிக் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர்தான், அதனால் ஏற்காட்டுப் பக்கம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் மலையாளியின் வாக்கு இல்லாமல் அங்கே வெல்ல முடியாது, சங்கராபுரத்தில் முடியும். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும், வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன் மலைக்கென வட்டம் வந்ததும் நல்ல மாற்றங்களே. ஆட்சியர் அலுவலகம் விழுப்புரத்திலிருந்து பக்கத்துக்கு வந்திருக்கிறது. அவையும் மேலிருந்து வந்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அமைதியாக இருந்த மக்களைக் கலகத்துக்குத் தூண்டுகிறாயா என்று ஒருவர் கேட்கலாம். இரத்தமில்லாமல் ஒரு ஜாகிர் ஒழிந்தது பெரும்பேறு இல்லையா? பேறுதான். அந்த அமைதிக்கு அரசு என்ன பதில் மரியாதை செய்தது என்பதுதான் என் கேள்வி. 2006இன் வன உரிமைச் சட்டம், பழங்குடியினர் மீது இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று முகவுரையிலேயே ஒப்புக்கொண்ட சட்டம். அட்டவணைப் பகுதி இல்லாத மலைக்கும் அது பொருந்தும். கிராம சபைதான் உரிமைக் கோரிக்கையைத் தொடங்கி வைக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவின் காரணமாக உரிமைப் பட்டா வழங்குவது 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிடும்வரை தடைப்பட்டுக் கிடந்தது. கல்வராயன் ஒன்றியத்தின் 15 ஊராட்சிகளிலும் உள்ள ஒவ்வொரு மலையூரும் கிராம சபையாகக் கூடி, தன் கொத்துக்காட்டையும் கடுக்காய்க் காட்டையும் எல்லை சொல்லி எழுதிக் கேட்க இன்று சட்டத்தில் தடையில்லை. தனிக் குடும்பத்துக்கு நிலப் பட்டா கேட்பதோடு நிற்காமல், காட்டின் மீது ஊர் முழுவதற்குமான சமூக உரிமையைக் கேட்பதற்கும் அதில் இடமுண்டு. அப்படிக் கேட்கும் ஊர் முதன்முறையாகத் தன் சார்பில் தானே அரசின் முன் வந்து நிற்கும். ஜாகிர்தார் அழைத்துவரவில்லை, நெருக்கடிநிலை அதிகாரி அழைத்துவரவில்லை, கருணாபுரத்துப் பிணங்களும் அழைத்துவரவில்லை. அந்தச் சபைகளைக் கூட்டுவதை மாவட்ட நிர்வாகம் ஊறல் வேட்டைக்குக் காட்டிய அதே முனைப்போடு செய்ய வேண்டும் என்று கேட்க, மலைக்கு முழு உரிமை இருக்கிறது.